முன் கியர் விழவில்லையா? முதலில் ஒயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் முடிந்ததும் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் சைக்கிள் கடைகளுக்கு வரும் கியர் வண்டிகளில் அடிக்கடி பார்க்கிற குறை ஒன்றுதான்: பின் கியர் மாறுகிறது, முன் கியர் நடுப் பல்சக்கரத்திலேயே நின்றுவிடுகிறது. "டிரெய்லியர் போச்சு, செட்டா மாத்தணும்" என்று சில கடைகளில் சொல்லிவிடுகிறார்கள். (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிதான் டிரெய்லியர்.) பிள்ளை ஓட்டுகிற வண்டியாயிற்றே என்று பெற்றோரும் காசை எடுத்து வைக்கிறார்கள். அதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம்.

முன் டிரெய்லியரில் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, ஒயரை வெளியே எடுத்துவிடுங்கள். செயினைத் தள்ளும் தகட்டைக் கட்டை விரலால் வெளிப்பக்கம் தள்ளி விடுங்கள். டக்கென்று உள்ளே திரும்பினால் டிரெய்லியரில் குறை இல்லை, ஒயர்தான் சிக்குகிறது. மெதுவாக ஊர்ந்து திரும்பினால் அதன் மூட்டுகளில் மண் சேர்ந்திருக்கிறது. பழைய பல் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துடைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகிவிடும்.

நம் பக்கத்தில் ஒயர் கெடுகிற இடம் பெரும்பாலும் கண்ணில் படாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே இரண்டு பள்ளம் உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ஒரு பள்ளத்தில் முன் கியர் ஒயர், இன்னொன்றில் பின் கியர் ஒயர். காசிமேட்டு உப்புக்காற்று, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர், பழைய ஆயில் எல்லாம் சேர்ந்து அந்தப் பள்ளத்தில் கறுப்புக் களிம்பாக அப்பிக்கிடக்கும். மேலே பளபளவென்று இருக்கிற ஒயர் அங்கே மட்டும் துருவேறி, ஓரிரு இழை அறுந்து முள்ளாக நிற்கும். கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டரை எவ்வளவு அழுத்தினாலும் இழுவை அந்த இடத்தைத் தாண்டிப் போவதில்லை.

பிளாஸ்டிக் துண்டைக் கழற்றிக் கழுவி, 1.2 மி.மீ. கியர் ஒயர் புதிதாகப் போடுங்கள். ஷிஃப்டரை 1-ல் வைத்து, அதில் ஒயர் வெளிவரும் இடத்திலுள்ள திருகு முனையை முழுதாக உள்ளே திருகி, பிறகு ஒரு சுற்று மட்டும் வெளியே எடுங்கள். ஒயரைக் கையால் இழுத்து, டிரெய்லியரின் பள்ளத்தில் சரியாக உட்கார்த்தி போல்ட்டை இறுக்குங்கள். ஸ்பேனரில் தொங்கி இறுக்கினால் மரை போய்விடும். இறுக்கிய பிறகு ஒயரை நாலைந்து தடவை அழுத்தி விட்டு, தளர்ந்ததை மறுபடி இழுத்துக் கட்டுங்கள். புது ஒயர் இரண்டு நாளில் தொய்வதாகத் தோன்றுவது இதைச் செய்யாமல் விடுவதால்தான்.

இத்தனைக்கும் பிறகுதான் டிரெய்லியர் எவ்வளவு தூரம் உள்ளே, வெளியே போகலாம் என்று தடுக்கும், L, H என்று பொறித்திருக்கும் இரண்டு திருகுகளிடம் போக வேண்டும். எடுத்த எடுப்பில் அதைத் திருகுவதுதான் பலரும் செய்யும் தவறு. எந்தத் திருகு உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், எழுத்தைப் பார்த்தே தொடுங்கள். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று செயினை வைத்தால் உள்தகட்டுக்கும் செயினுக்கும் அரை மி.மீ. இடைவெளி போதும். அதைச் சரிசெய்வது L. முன்னால் பெரியது, பின்னால் சின்னது என்றால் வெளித்தகட்டுக்கு அதே அரை மி.மீ. அதைச் சரிசெய்வது H. செயின் உள்ளே கழன்று விழுந்தால் L-ஐயும், வெளியே விழுந்தால் H-ஐயும் கால் சுற்று இறுக்குங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

வண்டி வலப்பக்கமாக விழுந்திருந்தால் டிரெய்லியரே நகர்ந்திருக்கும். பெரிய பல்சக்கரத்தின் பல்லுக்கு மேலே வெளித்தகடு 1 முதல் 3 மி.மீ. உயரத்தில், மேலிருந்து பார்த்தால் பல்சக்கரத்துக்கு இணையாக நிற்க வேண்டும். பெடலைச் சுற்றும்போது அந்த இடைவெளி கூடிக் குறைந்தால் பல்சக்கரம் வளைந்திருக்கிறது. அதற்கு எந்தத் திருகும் உதவாது.

முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது என்று போட்டு ஓட்டி, "உரசுகிறது" என்று கொண்டுவருபவர்களும் உண்டு. அது பழுதல்ல, செயின் கோணலாகப் போவதால் வரும் சத்தம். பாலம் ஏறும்போது பாதி ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே முன் கியரை மாற்றினாலும் விழாது. ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள், மாற்றும் நொடியில் மிதியைச் சற்றே தளர்த்துங்கள். (அரசு தரும் விலையில்லா சைக்கிள்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அதில் கியர் கிடையாது.)

கடைக்காரர்களுக்கும் ஒன்று. கியர் ஒயருக்கு பிரேக் அவுட்டரை (ஒயரின் மேலுறையை) வெட்டிப் போடாதீர்கள். பிரேக் அவுட்டருக்குள் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும், இழுக்கும்போது அமுங்கிக் கொடுக்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அமுங்காது. வெட்டின முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் மெக்கானிக்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.