முத்தோரை தொலைநோக்கிக்கு வயதாகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உதகையிலிருந்து முத்தோரை பாலாடாவுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் எங்கள் ஊர் ரேடியோ டெலஸ்கோப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. முன் சீட்டுக்காரர், "1970-ல கட்டினது, இனி பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றார். பதில் சொல்வதற்குள் நான் இறங்கும் இடம் வந்துவிட்டது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அதில் எது பழசாகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 சட்டங்களின் மேல் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். அத்தனையையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டால் இங்கிருந்து சென்னைக்கு எட்டும். இதை உருவாக்கிய வானியல் விஞ்ஞானி பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப்பும் குழுவினரும் மலை மலையாகத் தேடி இந்தச் சரிவைப் பிடித்தார்கள். வடக்கு தெற்காகச் சரிவு சுமார் 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் அதே அளவு. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக நிற்கிறது. கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பிக்கொண்டே போனால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். இந்தச் சரிவு எந்தக் காலத்தில் பழசாகும்?

பழசாவது உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகள். கம்பிகளில் பட்டுத் திரும்பும் அலைகள் வந்து குவியும் கோட்டில், அவற்றைப் பிடிக்க 1,056 டைபோல் என்ற சிறு ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. முன்பு 48 டைபோல்களின் சிக்னலை ஒன்றாகச் சேர்த்து, மொத்தம் 22 பகுதிகளாகத்தான் எடுத்தார்கள். மேம்பாட்டுத் திட்டத்தில் நான்கு டைபோலுக்கு ஒரு சிக்னல் என்று 264 சிக்னல்கள் தனித்தனியே டிஜிட்டலாக மாறும். அதே கம்பிகளை வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் முன்னைவிட மிக அகலமான வானத்தைப் பார்க்கலாம்.

என்னை அதிசயப்பட வைப்பது இன்னொன்று. ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலையை வெளியிடும். பிரபஞ்சம் விரிய விரிய அந்த அலையும் நீளும். இந்தத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 92 சென்டிமீட்டர் அலை. 21 சென்டிமீட்டர் 92 ஆக நீண்டிருந்தால் அது புறப்பட்டு ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். ரேடியோ அலை வீசும் ஒரு விண்பொருளை நிலா மறைக்கும் நேரத்தைக் கணித்து ஆராயத்தான் முதலில் இதைக் கட்டினார்கள். அன்றைக்குத் தேர்ந்தெடுத்த அதே அலைவரிசையில் ஆதிகால ஹைட்ரஜனைத் தேட இன்று வழி பிறந்திருக்கிறது. சூரியக் காற்றை ஆராயும் வேலையும் இதற்கு உண்டு. இதைப் போய் இரும்பு விலைக்குப் பேசலாமா?

சரி, புதுக் கருவி வைத்தால் மட்டும் போதுமா? அவ்வளவு தூரத்திலிருந்து வரும் சிக்னல் மிகமிக மெலிந்தது. எங்கள் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் காண்டாக்ட் தேய்ந்து பொறி பறந்துகொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டால் வீட்டு டிரான்சிஸ்டரில் செய்தி கேட்க முடியாது, ஒரே கரகரப்பு. காண்டாக்டை மாற்றியதும் நின்றுவிட்டது. கைக்கடக்கமான ரேடியோவே இந்தப் பாடு பட்டால், அந்தத் தொலைநோக்கி என்ன பாடு படும்? தேய்ந்த ஸ்விட்ச், மட்டமான எல்இடி பல்பு, சார்ஜர், சிக்னல் பூஸ்டர் எல்லாமே அதன் காதில் இரைச்சல்தான்.

கருவிகளைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்க அரசு தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டும். பக்கத்தில் புதிதாக டவரோ விடுதியோ வருவதற்கு முன் ஆய்வு மையத்தாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அப்புறம், எந்தெந்தச் சாதனம் தொந்தரவு தரும், அதை எப்படிச் சரிசெய்வது என்று எளிய தமிழில் ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். பாலாடாவில் கேரட் கழுவும் இடங்களிலும் டீக்கடைகளிலும் நானே கொண்டுபோய் ஒட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
முத்தோரை பாலாடா, நீலகிரி.