அண்ணா, பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்

அண்ணா,

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குத் தலைத்திவசம். போனில் சொன்னால் "சரி விடு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். வயலுக்கு யார் என்ன விலை கேட்டார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

போன ஜூனில் நீ அமெரிக்கா வந்தபோது நெப்ராஸ்காவில் நின்ற அந்தச் சாயங்காலத்தை விட்டு என் மனசு நகரவே மாட்டேன் என்கிறது. டென்வரை விட்டு வந்ததிலிருந்து இரண்டு பக்கமும் புல், மேலே வானம். "ஒரு பனைமரம்கூட இல்லாமல் இத்தனை தூரமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

அலையன்ஸ் ஊருக்கு வெளியே அந்த கார்ஹெஞ்ச். இங்கிலாந்தில் பழங்காலத்தில் வட்டமாக நட்ட ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்குப் பதிலாக இங்கே 39 பழைய கார்கள். சிலதைச் செங்குத்தாக மண்ணில் நட்டு, மேலே உத்தரம் மாதிரி சிலதைக் கிடத்தி, சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஜிம் ரைண்டர்ஸ் தன் அப்பாவின் நினைவாகக் கட்டியது. 1982இல் அவருடைய அப்பா இறந்தபோது கூடிய உறவுகள், ஐந்து வருஷம் கழித்துக் கூடுவோம் என்று பேசி வைத்து, 1987 ஜூனில் 35 பேர் போல வந்து, அந்த அப்பா வாழ்ந்த பண்ணையிலேயே எழுப்பினார்கள். இதை நான் சொல்லச் சொல்ல நீ ஒரு காரின் மட்கார்டைத் தடவிக்கொண்டே நின்றாய். உரிந்த பெயின்ட் உன் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. அந்தக் கையாலேயே பையிலிருந்து, வயலை விற்பதற்கான பவர் பத்திரம் இருந்த கவரை எடுத்தாய்.

"இதுக்காகத்தான் வந்தியா?" என்று கத்தினேன். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னித்துவிடு. ஆனால் ஒரு வாரமாக அதைப் பைக்குள் வைத்துக்கொண்டா என் வீட்டில் சிரித்துப் பேசினாய்?

அப்புறம் ரேபிட் சிட்டி தாண்டும்வரை பேச்சே இல்லை. வால் டிரக் (Wall Drug) என்ற மருந்துக்கடையின் விளம்பரப் பலகைகள் வர ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாய். ஐஸ் தண்ணீர் இலவசம். காபி ஐந்து சென்ட். சின்ன வயசில் பஸ் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, கடைப் பெயர்களைப் படித்துக் காட்டுவாயே, அதே குரல். 1930களின் வறட்சியில், அந்த வழியாகப் போனவர்களுக்குச் சும்மா தண்ணீர் கொடுத்துத்தான் அந்தக் கடை பிழைத்தது என்றேன். "நம்ம ஊர்த் தண்ணீர்ப் பந்தல்" என்றாய். எனக்கு அழுகை வந்தது. நீ பார்க்கவில்லை.

கடைசி மூன்று மாதம் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தது நீ. குளிப்பாட்டியது நீயும் அண்ணியும். அதை மறக்கவில்லை. ஆனால் "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று ஏன் சொல்லிக்கொண்டே இருந்தாய்? ஒரு தடவை "கிளம்பி வா" என்று சொல்லியிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே.

பத்திரம் நேற்று தபாலில் போய்விட்டது. வயல் போகட்டும். மோட்டார் கொட்டகையில் நிற்கும் அப்பாவின் டிவிஎஸ் 50ஐ மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. வீட்டுத் திண்ணையோரம் கொண்டுவந்து நிறுத்து, மழை படாமல். பொங்கலுக்கு வருகிறேன்.