கடைசிச் சொல்லைக் கேட்டவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பெரியோர்களின் இறுதிச் சொற்களைத் தொகுத்து இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். அதில் வள்ளலார் படத்தின் கீழ், 'கடை விரித்தேன், கொள்வாரில்லை என்று மனம் வெறுத்துக் கூறி உயிர் விட்டார்' என்று ஒரு வரி இருக்கிறது. கடலூரில் பிறந்து, கடலூரிலேயே எழுபத்திரண்டு வயதைக் கடந்துவிட்ட எனக்கு அந்த வரியைப் படித்த நாள் முதல் மனம் ஆறவில்லை.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் வள்ளலார் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். உள்ளே சில நாள் இருக்கப்போகிறேன், அவநம்பிக்கை அடையாதீர்கள், திறந்து பார்த்தாலும் வெறும் வீடாகத்தான் இருக்கும் என்பதே அன்று அவர் சொன்னதாக அன்பர்கள் வழிவழியாகப் போற்றிவரும் வாசகத்தின் சாரம். இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது? 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரைத் தொகுத்த வெள்ளைக்கார அதிகாரிகூட, அவர் அறையைப் பூட்டிக்கொண்டார், சில காலம் திறக்க வேண்டாம் என்றார், பிறகு அவரை யாரும் காணவில்லை என்ற அளவில்தான் எழுதினார். அவர் எழுதத் துணியாததை உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார். 'கொள்வாரில்லை' என்ற சொல் வள்ளலாருடையதாகவே இருக்கட்டும். அதை எந்த நாளில், யாரிடம் சொன்னார் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டாமா? 1867-இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்தப் பந்தியில் என் தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். தைப்பூசம் முடிந்து மேட்டுக்குப்பத்தில் திருவறை தரிசனத்துக்கு நிற்கும் கூட்டத்தில், எனக்கு எட்டவில்லை என்று தாயார் என்னை இடுப்பில் தூக்கிக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. வள்ளலாரைத் தோற்றுப்போனவராகக் காட்டும் வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை.

இது முதல் முறையும் அல்ல. சென்ற ஆண்டு பாரதி நினைவு நாளையொட்டி, யானை மிதித்ததால் அவர் இறந்தார் என்று எழுதியிருந்தீர்கள். பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்து, 1918 நவம்பரில் வெளியேறும்போது கைதாகி எங்கள் கடலூர்ச் சிறையில் இருந்தவர் பாரதி என்பதால், உடனே அமர்ந்து நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தாக்கியது உண்மை. ஆனால் அவர் அதிலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை சென்று, 'மனிதனுக்கு மரணமில்லை' என்ற பொருளில் பேசிவிட்டு வந்து, 1921 செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பினால் இறந்தார். ஆப்கானிய மன்னர் அமானுல்லா கானைப் பற்றிக் கட்டுரை எழுதி ஆபீசுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று அந்தக் கடைசி இரவில் அவர் சொன்னதாக உடனிருந்த நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நோயில் கிடந்த நிலையிலும் மறுநாள் வேலையை நினைத்த அந்தச் சொல்லைவிட எந்த அலங்கார வசனம் பெரியது? என் கடிதம் வெளியாகவில்லை. கிடைத்தது என்று ஓர் அஞ்சலட்டைகூட வரவில்லை.

சாக்ரட்டீசின் இறுதிச் சொற்களை எழுதிய பிளேட்டோ, அன்று தாம் உடல்நலமின்றி அங்கே இல்லை என்பதை அந்த நூலிலேயே குறித்திருக்கிறார். காந்தியடிகள் 'ஹே ராம்' என்றாரா என்பதில் அருகிலிருந்தவர்களே ஒத்துப்போகவில்லை. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல.

நான் தந்தி அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன். ஒவ்வொரு தந்தியின் முகப்பிலும் சொல் எண்ணிக்கை இருக்கும். பெற்றுக்கொண்டவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அனுப்பிய நிலையத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். சாவுச் செய்தியை எடுத்த நாட்களில் பெயரை இரண்டு முறை சரிபார்க்காமல் நான் தந்தியை ஊழியரிடம் கொடுத்ததில்லை. 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

ஆனால் என் தாயார் விஷயத்தில் நானே தவறினேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் இருந்தபோது, எங்களை உள்ளே விடாமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். விடியற்காலையில் வெளிமாநிலத்திலிருந்து வந்த இளம் செவிலியர் ஒருவர் வந்து, 'அம்மா ஏதோ சொல்லிச்சு, தமிழ், புரியலே' என்று கண் கலங்கிச் சொன்னார். அந்தப் பெண்ணின் மீது எனக்குக் கோபமில்லை. ஐன்ஸ்டைன் 1955-இல் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் இறந்தபோது கடைசியாக ஜெர்மன் மொழியில் பேசினார். அருகிலிருந்த செவிலியருக்கு அந்த மொழி தெரியாது. அதை எங்கோ படித்த அன்று நான் அழுதேன். கருமாதிப் பத்திரிகையில் உறவினர்கள், 'முருகா முருகா என்று அழைத்தபடியே' என்று அச்சடித்தார்கள். நான் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். அந்த வரியை அடிக்கவில்லை. தண்ணீர் கேட்டாரா, என்னைக் கேட்டாரா என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்தான் கேட்டார் என்றாலும் அதில் குறைவில்லை. 1950 டிசம்பரில் புதுச்சேரியில் அரவிந்தர் கடைசியாகத் தம் உதவியாளரான மருத்துவர் நிரோத்பரனைப் பெயர் சொல்லி அழைத்துக் குடிக்கத்தான் கேட்டார். அதை அந்த மருத்துவர் அப்படியே எழுதிவைத்தார், ஒன்றும் கூட்டவில்லை.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வள்ளலாரைப் பற்றிய அந்த வரிக்கு நான்கு வரியில் ஒரு திருத்தம், அதே இணைப்பிதழில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். இனி ஒருவரின் இறுதிச் சொல் என்று எதை அச்சிட்டாலும், அதைக் கேட்டவர் யார், எழுதியவர் யார் என்பதையும் உடன் தெரிவியுங்கள். தெரியாவிட்டால், அவ்வாறு சொல்லப்படுகிறது என்றாவது எழுதுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி எழுத்தர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர் – 2