லைசன்ஸுக்கு எழுதிப் போடுவதற்கு முன்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பி,

தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்கப் போவதாக நீ போனில் சொன்னதும் எனக்குப் பேச்சே வரவில்லை. ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் உன் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து கட்டிப்போட்டு அடித்திருக்கிறார்கள். உனக்குப் பயம் வராதா? வரும். ஆனாலும் முப்பது வருஷம் அவசரப் பிரிவில் நர்ஸாக நின்ற உன் அம்மா கண்டதையும் கேட்டுவிட்டு முடிவு செய்.

வெள்ளிக்கிழமை இருட்டியதும் ஸ்ட்ரெச்சர்கள் வரத் தொடங்கும். ஞாயிறு ராத்திரி வரை ஓயாது. சம்பளம் போட்ட வாரம் என்றால் இன்னும் மோசம். வருகிறவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள், மது வாடையோடு. யார் குத்தியது என்று கேட்டால் பல பேர் பெயரையே சொல்வார்கள். கூடக் குடித்தவன், மைத்துனன், அடுத்த தெருக்காரன். பெண்கள் குறைவுதான். அவர்களில் பலரை அடித்தவன் புருஷன். 'விழுந்துட்டேன் சிஸ்டர்' என்பார்கள். 2020 மார்ச் 27-ல் ஊரடங்கோடு மது விற்பனையையும் நிறுத்தினார்களே, அந்த ஏப்ரல் சனிக்கிழமைகளில் எங்கள் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. ஜூன் 1-ல் கடை திறந்தது, வார்டும் நிரம்பியது. ஜூலையில் மறுபடி தடை போட்டார்கள்.

கத்திக்குத்து என்றால் தைத்து எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். குண்டு பட்டு வந்தவர்களில் அப்படி அனுப்ப முடிந்தவர்கள் குறைவு.

நம் நாட்டில் 1998-ல் ஒரு நாளைக்கு 34 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2000-ல் சட்டம் வந்தது. தேர்வு, போலீஸ் விசாரணை, இரும்புப் பெட்டி, தற்காப்புக்கு ஒன்றே ஒன்று என்று இறுக்கினார்கள். 2009-ல் அது 18 ஆகக் குறைந்தது. செய்ய முடிந்த காரியம்தான் தம்பி. அப்புறம் பிடியை விட்டுவிட்டார்கள். அழிக்க வைத்திருந்த துப்பாக்கிகளை ஒரு போலீஸ் கர்னலே கேப் டவுன் கும்பல்களிடம் போகவிட்டார். 2016-ல் அவருக்கு 18 ஆண்டு சிறை. போலீஸ் கணக்கு வருஷம் 2011/12-ல் எல்லா விதத்திலும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கொலைகள், 2022/23-ல் 27,494. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. வீடுகளிலிருந்து துப்பாக்கிகள் திருட்டுப்போய்க் கும்பல்களின் கைக்குப் போவதும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில். அவையும் உன்னைப் போல் பயந்து வாங்கியவர்களுடையவைதான்.

2021 ஜூலையில் கலவரமும் கடைச் சூறையும் நடந்தபோது, இங்கே டர்பன் ஃபீனிக்ஸில் மாமா தெருமுனையில் நீயும் காவல் நின்றாய். வீட்டைக் காக்கத்தான் நின்றீர்கள், தெரியும். அந்தக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வேலைக்கும் கடைக்கும் போய் வந்தவர்களும் அதில் உண்டு. அன்றைக்கு உன் கையில் தடி மட்டும் இருந்ததற்கு இன்றுவரை மாரியம்மனைக் கும்பிடுகிறேன்.

தாத்தாவின் ரிவால்வரை 2020-ல், லைசன்ஸ் இல்லாத துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்ற பொதுமன்னிப்புக் காலத்தில், அப்பாவும் நானும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். கேட்காமல் கொடுத்துவிட்டீர்களே என்று கோபித்தாய். உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உனக்கு நாலு வயதில் ஒரு மத்தியானம், அலமாரி திறந்திருந்தது. நீ அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

ஜன்னல்களுக்குத் திருடன் புகாதபடி நல்ல இரும்புக் கம்பி போடு, பணம் அனுப்புகிறேன். தெருக்காரர்களோடு சேர்ந்து இரு. பாப்பா இப்போது எல்லா இழுப்பறையையும் இழுத்துப் பார்க்கிறாளாமே. படிவத்தை நிரப்பும் முன் ஒரு தடவை போன் பண்ணு.

அம்மா