ஃப்ரீசரில் வெடித்த பாட்டில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஃப்ரீசரில் வைத்த சோடா பாட்டில் வெடித்ததை நேற்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளேயே வெடித்ததால் தப்பித்தாய், கையில் எடுக்கும்போது வெடித்திருந்தால்? பேசினால் திட்டிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

என் இடது மணிக்கட்டுத் தழும்பைச் சின்ன வயதில் தடவிப் பார்த்து 'புழு' என்பாயே, அது கோலி சோடா கொடுத்தது. பத்தாவது முடித்த லீவில் சோடா கம்பெனியில் வேலை. பாட்டிலை மெஷினில் மாட்டி, கேஸைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றவேண்டும். தலைகீழாக வரும்போது கோலி கழுத்து ரப்பரில் போய் உட்கார்ந்துகொள்ளும். கையில் சாக்கு சுற்றிக்கொள் என்பார் முதலாளி. வெக்கை தாங்காமல் ஒருநாள் விட்டுவிட்டேன். அன்றைக்கென்று ஒரு கீறல் விழுந்த பாட்டில்.

உன் வீட்டில் நடந்தது வேறு. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும். ஐஸ்கட்டிக்குள் கேஸுக்கு இடமில்லை, அது வெளியே வந்து மூடிக்கடியில் முட்டும். கண்ணாடி எவ்வளவுதான் தாங்கும்? டின்னும் வெடிக்கும்.

அவசரமாகக் குளிரவேண்டுமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு பிடி கல்லுப்பு. அதில் பாட்டிலைப் பத்து நிமிடம் உருட்டு, போதும். வெறும் ஐஸ் வேண்டாம், சந்தெல்லாம் காற்றுதான் இருக்கும். திறக்குமுன் பாட்டிலின் வாயைக் கழுவு, இல்லாவிட்டால் முதல் மடக்கு உப்புக் கரிக்கும். வெயிலில் காய்ந்த பாட்டிலை மட்டும் நேராக ஐஸில் இறக்காதே, நிழலில் ஆறட்டும்.

இனி எப்போதாவது உள்ளே உறைந்து கிடந்தால் தொடாதே. சுடுதண்ணீரும் ஊற்றாதே. ஃப்ரிட்ஜை அணைத்து, கதவை மூடி, ஐஸ் முழுக்க உருகும்வரை விட்டுவிடு.

அப்புறம், மாப்பிள்ளை குடித்து மிச்சமிருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கிக் காற்றை எடுத்துவிட்டு மூடுகிறாரே, அது வீண். அமுங்கின பாட்டில் மறுபடி உப்புவதற்குச் சோடாவிலிருந்துதான் கேஸை இழுக்கும். இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் சரி. நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஃப்ரீசரில் திறந்து கிடந்த ஐஸ் தட்டு, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் கொட்டிவிடு. ஐஸோடு கலந்த கண்ணாடித்தூள் கண்ணுக்குத் தெரியாது. ஓரங்களை டார்ச் அடித்துப் பார்த்து ஈரக் காகிதத்தால் துடை, வெறுங்கையால் வேண்டாம். குட்டி ஐஸ்கிரீமுக்கு அழுதால் புது டப்பா வாங்கிக் கொடு, பணம் நான் அனுப்புகிறேன்.

அப்பா