ஒரு 'தோ'வைச் சரிசெய்தவர்களுக்கு நன்றி

தங்கச்சிமடத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தை மாதம் எங்கள் கணக்கில் கண்ணில் பட்ட ஒரு தப்பு ஆவணியில்தான் முழுசாகத் தீர்ந்தது. அதுவரை எனக்குக் கை கொடுத்தவர்களில் பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவர்கள் செய்தது நம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி வடகடலில் வலை போடும் வள்ளத்துக்கார அண்ணனுக்கு. வாடைக் காற்று அடங்காத ஒரு காலையில் வந்து, சீட்டுகளை எல்லாம் என் மேசையில் பரப்பினார். பாதிச் சீட்டில் உப்புத் தண்ணீர் பட்டு மை ஊறியிருந்தது. "தங்கச்சி, நண்டு போட்டதுக்கெல்லாம் சீட்டு இருக்கு. வாங்கின முன்பணம் மட்டும் ஏன் குறையவே மாட்டேங்குது?" என்றார். குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கணக்கை நான்தானே எழுதினேன்!

நாங்கள் வள்ளத்தின் பெயரில்தான் கணக்கு வைக்கிறோம். அவர் வள்ளத்தின் பெயர் அந்தோணியார். கணினியில் தேடினால் அந்தோணியார் இரண்டு வரியாக வந்தது. ஒன்றில் பழைய முன்பணம் அப்படியே நிற்கிறது. இன்னொன்றில் அவர் போட்ட நண்டெல்லாம் வரவாக ஏறியிருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கவே இல்லை. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தது ராமநாதபுரத்தில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி. "அக்கா, அந்த ரெண்டு வரியையும் தனித்தனியா வெச்சு, தோவுக்குப் பின்னாடி ஒரே ஒரு தடவை பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்க" என்றான். ஒன்றில் 'த' மிஞ்சியது. மற்றதில் 'தே' மிஞ்சியது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே, கணினி சேமிக்கும் அளவில், ஒரு அந்தோணியாருக்கு 33 பைட், இன்னொரு அந்தோணியாருக்கு 36 பைட். பழைய எழுத்துருவில் இருந்த கணக்கை யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் தனித்தனியாக வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு நான் தமிழ்99 விசைப்பலகையில் அடித்ததெல்லாம் ஒரே குறி. இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்பது யூனிகோடின் விதி. நாங்கள் வைத்திருந்த சிறிய கணக்கு மென்பொருள் அதைப் பார்க்காமல் பைட்டை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. 'கோ', 'சோ', 'மொ' என்று எந்த வள்ளத்தின் பெயரில் இருந்தாலும் இதே கதிதான்.

எங்கள் கணினியில் அப்போது இருந்தது டெபியன் 12 என்ற இலவச இயங்குதளம். அந்த மென்பொருளும் டெபியனே தொகுத்துத் தரும் பேக்கேஜாக வந்ததுதான். டெபியனில் ஒரு பக், அதாவது மென்பொருள் பிழை, சொல்ல யாரிடமும் உறுப்பினராகச் சேர வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். ரிப்போர்ட்பக் என்ற நிரலே பேக்கேஜின் பெயர், பதிப்பு எண் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கேள்வி கேட்கும். நான் முதலில் எழுதியது என்னவோ புலம்பல்தான். என் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்த மண்டபத்து ஆசிரியருக்கு நன்றி. "என்ன செஞ்சே, என்ன நடந்துச்சு, என்ன நடந்திருக்கணும்? இந்த மூணையும் மட்டும் எழுதும்மா" என்றார் சார். அப்படியே எழுதி அனுப்பினேன். அன்றைக்கே ஒரு எண் கிடைத்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைப் போட்டு எங்கள் வள்ளத்தின் கதையைப் படிக்கலாம்.

அந்தப் பேக்கேஜைப் பராமரிப்பவருக்குத் தமிழ் தெரியாது. சம்பளம் வாங்காமல் செய்கிற ஆள். தன் கணினியில் இந்தப் பிழை வரவில்லை, இன்னும் விவரம் வேண்டும் என்று குறி போட்டு எழுதினார். தம்பி சொன்னபடி இரண்டு பெயர்களையும் பைட் பைட்டாகப் பிரித்துக் காட்டி அனுப்பினேன். மறுநாளே, "இப்போது எனக்கும் வருகிறது" என்று பதில் வந்தது. அதைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்மேல் வருத்தப்பட்டேன். பிழை எவ்வளவு கடுமையானது என்று சொல்லும் இடத்தில் நான் 'கிரேவ்' என்று போட்டிருந்தேன். ஏழை மனிதரின் பணமாயிற்றே. அவர் அதை ஒரு படி கீழே 'இம்பார்ட்டன்ட்' என்று இறக்கினார். பேக்கேஜே பயன்படாமல் போனால், தரவு அழிந்தால், பாதுகாப்பு ஓட்டை இருந்தால்தான் கிரேவ் என்று பொறுமையாக விளக்கினார். உண்மைதான், எங்கள் தரவு எதுவும் அழியவில்லை, பிரிந்துதான் கிடந்தது.

மென்பொருளை முதலில் எழுதியவருக்கும் அவரே தகவல் சொன்னார். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி சில வரிகள் சேர்ந்தன. ஆனால் அது உடனே எங்கள் கணினிக்கு வந்துவிடாது. எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் டெபியனின் ஸ்டேபிள் பதிப்பில் மென்பொருளின் புதுப் பதிப்பை அப்படியே தூக்கிப் போட மாட்டார்கள். முதலில் புதியவை வந்து சேரும் அன்ஸ்டேபிளில் சரியாக வேண்டும், அப்புறம் மாறிய வரிகளை மட்டும் வெளியீட்டுக் குழுவிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கப்புறம் திருத்தங்களை மொத்தமாகச் சேர்த்துத் தரும் அடுத்த புள்ளி வெளியீடு வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கும் தங்கச்சிமடத்திலிருந்து நன்றி. மெதுவாகச் செய்கிறார்களே என்று அப்போது தவித்தேன். அந்த நிதானத்தால்தான் வேறெதுவும் உடையாமல் எங்கள் கணினி ஓடுகிறது.

காத்திருந்த மாதங்களில் தம்பி ஒரு சின்ன நிரல் எழுதி, பழைய பெயர்களை எல்லாம் ஒரே வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தான். முன்பே நகல் எடுத்து வைக்கச் சொன்னதும் அவன்தான். எங்கள் முதலாளி, "வேற சாஃப்ட்வேர் வாங்கிரலாமே" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முன்பணக் கணக்கை ஆரம்பத்திலிருந்து மறுபடி போடச் சொல்லி, கூடுதலாகப் பிடித்த பணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார்.

ஆவணியில் அப்டேட் வந்தது. அண்ணனை வரச் சொல்லி, அவர் முன்னாலேயே பழைய நகலைத் திறந்து தேடினேன். அந்தோணியார் ஒரே வரியாக வந்தது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் தன் வள்ளத்தின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.