கசகசாவும் கால் எரிச்சல் மாத்திரையும்

பாளையங்கோட்டை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியைப் பார்க்க நீயும் தங்கச்சியும் துபாய் போகப்போவதை இவளுக்கு வாசித்துக் காட்டினேன். "ஜன்னலோர சீட்டை மதினி அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டாங்க" என்கிறாள். நாங்கள் நலம். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது.

டிக்கெட், விசாவை உன் மகன் பார்த்துக்கொள்வான். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் கெடு இருக்கிறதா என்று மட்டும் நீ பார்த்துவிடு. எனக்குக் கவலையெல்லாம் உங்கள் பெட்டியைப் பற்றித்தான்.

தங்கச்சி மகனுக்குக் குருமாப் பொடி இடிக்காமல் கிளம்பமாட்டாள். அதில் கசகசா கூடவே கூடாது. அபின் எடுக்கிற செடியின் விதை அது. நமக்கு மளிகைச் சாமான், அமீரகத்தில் போதைப்பொருள் கணக்கு. சிங்கப்பூர், சவுதியிலும் தடைதான். விமான நிலையத்தில் நின்றுகொண்டு சமையல் குறிப்பு சொல்லிப் பயனில்லை. கடையில் வாங்கிய மசாலா பாக்கெட்டானாலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பார். என்னைக் கேட்டால், பொடியே வேண்டாம். துபாயில் கராமா பக்கம் போனால் நம் ஊர்ச் சாமான் எல்லாமே கிடைக்கும்.

அதைவிட முக்கியம் உன் மாத்திரைகள். சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு ஏதோ சாப்பிடுவதாக எழுதியிருந்தாயே, அந்த அட்டையைத் திருப்பிப் பார். பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் என்கிற பி12 வைட்டமினோடு ப்ரீகாபலின் என்கிற நரம்பு வலி மருந்து சேர்ந்திருக்கும். அமீரகத்தில் ப்ரீகாபலின் கட்டுப்பாட்டு மருந்து. கோடீன் கலந்த இருமல் சிரப், வலிக்குத் தரும் டிரமடால், தூக்கத்துக்கு எழுதித் தரும் அல்பிரசோலம் எல்லாம் அதே கதைதான். மருத்துவர் சீட்டோடு அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மகனிடம் இன்றே சொல். இல்லையென்றால் மாற்று மருந்து உண்டா என்று உன் டாக்டரைக் கேள். நீயாக நிறுத்திவிடாதே. எந்த மாத்திரையையும் டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகாமல் அட்டையோடு, மருந்தின் பெயர் தெளிவாக எழுதிய சீட்டோடு கைப்பையில் வை. இன்சுலினும் கைப்பையில்தான், சரக்கு அறைக் குளிரில் உறைந்துபோனால் அது உதவாது. பவர் பேங்க்கையும் பெட்டிக்குள் போட்டு அனுப்ப விடமாட்டார்கள், கையிலேயே இருக்கட்டும்.

தெருவில் யாராவது "எங்க பையனுக்கு ஒரு சின்னப் பார்சல்" என்று வருவார்கள். உனக்கு மறுத்துப் பேச வராது. என்மேல் பழியைப் போட்டுவிடு. மூடிய பொட்டலத்துக்குள் என்ன இருந்தாலும் பிடிபடுகிறவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவுக்குப் பணம் தருவார்கள் என்பதையும் கேட்டு வை. அங்கே ஆம்புலன்ஸுக்கு 998, போலீசுக்கு 999. ஊர் பார்க்கப் போகும் இடத்தில் தெரியாதவர்களை, குறிப்பாகப் பெண்களை, படம் எடுக்காதே. அங்கே அது வழக்காகிவிடும்.

மாத்திரை அட்டைகளைப் பின்பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு. மருந்துக் கடை வைத்திருக்கும் என் மருமகன் பார்த்துச் சொல்வான். வரும்போது எனக்குப் பேரீச்சம்பழம் வேண்டாம், இங்கேயும் சர்க்கரைதான்.

உன்,
சங்கரன்